மருத்துவப் படிப்பில் உளப்பகுப்பாய்வு: வன்னியில் வேலை செய்கிற எம்ஓவுக்கு அது எதற்கு?

நெத்தலியாறு – ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்தேன். இன்டர்ன்ஷிப் முடித்து இப்போது வன்னியில் ஒரு ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் எம்ஓவாக (மருத்துவ அதிகாரியாக) இருக்கிறேன். படிக்கிற காலத்தில் எனக்கு உளப்பகுப்பாய்வு (சைக்கோஅனாலிசிஸ்) என்றால் மனதின் மூன்று பகுதிகளான இட், ஈகோ, சுப்பர் ஈகோ, பிறகு பாதுகாப்பு உத்திகளின் பட்டியல், அவ்வளவுதான். சோதனையில் ஒரு எம்சிகியூ வரும். சோதனை முடிந்த கையோடு எல்லாம் மறந்துபோனது.

இரண்டு கிழமைக்கு முன்னர் நடந்ததைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

அறுபதை நெருங்கிய ஒரு அம்மா. "நெஞ்சுக்குள்ள எரியுது பிள்ளை" என்பதுதான் அவரது ஒரே முறைப்பாடு. மெடிக்கல் கிளினிக்கில் பார்த்து, சேர்ஜிக்கல் பக்கம் அனுப்பி, என்டோஸ்கோப்பி செய்து, வயிற்று அமிலத்துக்கு ஒமெப்ரசோல் கொடுத்து, எல்லாம் நோர்மல் என்று கடைசியாக எங்களிடம் அனுப்பினார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஃபுளூஒக்செற்றின் தொடங்கினோம். நித்திரை கொஞ்சம் வந்தது, எரிவு போகவில்லை. கொப்பியில் அடுத்த திகதியை எழுதிக் கொடுத்த பிறகும் எழும்பாமல் இருப்பார். நான் அடுத்த நம்பரைக் கூப்பிட்ட பிறகுதான் எழும்புவார்.

அன்றைக்கு ஏதோ ஒரு நினைப்பில், "எப்ப தொடக்கம் அம்மா எரியுது?" என்று கேட்டேன்.

"வட்டுவாகல் பாலம் கடந்த அண்டைக்குப் பிள்ளை. அவன்ர கையை நான்தான் விட்டனான்."

2009இல் யுத்தம் முடிகிற நேரம் சனம் கடந்து வந்த பாலம் அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரி அம்மா, குளிசையைக் கொஞ்சம் கூட்டித் தாறன்" என்று சொல்லி 40 மில்லிகிராம் எழுதினேன். கொப்பியில் ஆங்கிலத்தில் 'நெஞ்செரிவு, 2009 முதல்' என்று பதிந்தேன். அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. அந்த 20 மில்லிகிராமைக் கூட்டியது அவருக்காகவா, எனக்காகவா? அந்த வசனத்தை அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. இதைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. உளப்பகுப்பாய்வு இந்த இடத்தில்தான் உதவும் என்று ஒரு நண்பர் சொன்னார். மருத்துவம் படிக்கிறவர்கள் அதை உண்மையிலேயே படிக்க வேண்டுமா? படிப்பதென்றால் எதிலிருந்து, எப்படி?


குளக்கட்டு – ஞாயிறு, இரவு 11.35

தங்கச்சி, நீங்கள் கேட்டது 100 வருடத்துக்கும் மேற்பட்ட கேள்வி.

1918இன் கடைசியில் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்கள், எங்களுக்கு உளப்பகுப்பாய்வைப் படிப்பியுங்கள் என்று கேட்டார்கள். 1919இல் ஃபிராய்டின் சகாவான ஃபெரென்சியை அதற்குப் பேராசிரியராக நியமித்தார்கள். ஆட்சி மாறியதும் சில மாதங்களிலேயே அந்தப் பதவி போய்விட்டது. அந்த நேரத்தில் பல்கலைக்கழகத்தில் உளப்பகுப்பாய்வு கற்பிப்பதைப் பற்றி, அதைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அவர் வைத்த குறை இதுதான்: மருத்துவ மாணவன் உடற்கூறும் இரசாயனமும் பௌதிகமும் படித்து வருகிறான், நோயில் மனதின் பங்கு என்ன என்று அவனுக்கு ஒருவரும் காட்டுவதில்லை. மாணவனை இந்தக் கட்டுரை பகுப்பாய்வாளன் ஆக்கப் பார்க்கவில்லை. உளப்பகுப்பாய்விலிருந்து அவன் ஏதாவது கற்றுக்கொண்டால் போதும் என்றுதான் சொல்கிறது.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழுப் பயிற்சி என்பது வேறு உலகம். 1920இல் பெர்லினில் ஐற்றிங்கோன் என்ற பகுப்பாய்வாளரும் மற்றவர்களும் தொடங்கிய நிலையத்தில் வந்த ஒழுங்குதான் இன்றைக்கும் அடிப்படை: பயிலுபவர் தானே பகுப்பாய்வுக்குப் போக வேண்டும், மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும், கருத்தரங்குகளில் படிக்க வேண்டும். கிழமைக்கு நாலைந்து நாள், வருடக்கணக்கில். வன்னியில் கிளினிக் செய்துகொண்டு அது நடக்காத காரியம்.

உங்களுக்குத் தேவையானது பாலின்ற் செய்தது. மைக்கேல் பாலின்ற் அதே புடாபெஸ்ட்காரர், ஃபெரென்சியின் மாணவர். லண்டனுக்கு வந்து 1950களில் டாவிஸ்டொக் கிளினிக்கில் குடும்ப வைத்தியர்களைக் கிழமைக்கு ஒருமுறை கூட்டி இருத்தினார். அந்த முறையின் வேர் அவரது மனைவி ஈனிட் பாலின்ற் சமூகப் பணியாளர்களோடு செய்த வேலையில் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு வைத்தியர் தன்னை அலைக்கழிக்கிற ஒரு நோயாளியைப் பற்றிக் கதைப்பார், கையில் குறிப்பு இல்லாமல். இப்போதைய குழுக்களில், சொல்லி முடித்தவர் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்க, மற்றவர்கள் அந்த நோயாளியையும் அந்த வைத்தியரையும் பற்றித் தங்களுக்குத் தோன்றுவதைச் சொல்வார்கள். சரியான மருந்து எது என்ற கேள்வி அங்கே எழாது. இந்த ஆள் வந்து போனால் எனக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

பட்டமேற்படிப்பின் வெளிநாட்டு வருடத்தில் நான் அப்படி ஒரு குழுவில் இருந்தேன். பிரித்தானியாவில் மனநல மருத்துவம் பயில்கிறவர்கள் எல்லோரும் இப்படியொரு குழுவில் இருந்தாக வேண்டும். முதல் மூன்று மாதம் நேரம் வீண் என்று நினைத்தேன். நாலாம் மாதம் என் முறை வந்தது. ஒரு கிழவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியில் அவரது பெயருக்குப் பதிலாக என் அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கிழவருக்கு ஏன் தேவைக்கு மேலாக ஸ்கான் எழுதினேன் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பாலின்ற் 1957இல் எழுதிய புத்தகத்தில் இரண்டு விசயம் உங்கள் அம்மாவுக்குப் பொருந்தும். ஒன்று, வைத்தியரே ஒரு மருந்து. பொது வைத்தியத்தில் அதிகம் பாவிக்கப்படுவது அந்த மருந்துதான், அதன் டோஸோ பக்கவிளைவோ எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மற்றது, ஒரு நோயாளியைப் பிரிவுக்குப் பிரிவு அனுப்பிக்கொண்டே இருக்கும்போது கடைசியில் அந்த ஆளுக்கு ஒருவருமே பொறுப்பில்லாமல் போகிறது. மெடிக்கல், சேர்ஜிக்கல், என்டோஸ்கோப்பி, பிறகு நீங்கள். அந்த அம்மா பாலத்தின் கதையைச் சொல்வதற்கு எத்தனை மேசையைத் தாண்ட வேண்டியிருந்தது என்று பாருங்கள்.


முத்தையன்கட்டு – திங்கள், காலை 6.20

நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன்.

எங்கள் கிளினிக் நாளில் காலை 8 மணிக்கு முன்னரே விறாந்தை நிரம்பிவிடும். ஒட்டுசுட்டானுக்கு அங்கால இருந்து முதல் பஸ்ஸில் வருகிற சனம். ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம். நனவிலி மனதைத் தேடப் போனால், வரிசையின் கடைசியில் இருக்கிற இளம் பெடியனின் தற்கொலை எண்ணத்தைக் கேட்க எனக்கு நேரம் இருக்காது.

அதைவிடப் பெரிய விசயம். சில வருடங்களுக்கு முன்னர், நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஒரு பெண் வந்தார். நெஞ்செரிவு, வியர்வை, களைப்பு. சீனி வருத்தம் உள்ளவர், இரண்டு பிள்ளைகளை இழந்தவர். முதல் ஈசிஜி நோர்மல். "யோசனைதான் காரணம்" என்று நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அவரது கதை அவ்வளவு பெரியதாக இருந்ததால் அவரது இதயத்தை நாங்கள் பார்க்கவில்லை. இரண்டாம் ஈசிஜி எடுத்தபோது மாரடைப்பு. அவர் பிழைத்தார், ஆனால் இதயத்தின் ஒரு பகுதி போய்விட்டது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு எரிவாகவும் வரும், முதல் ஈசிஜி நோர்மலாக இருந்தால் மட்டும் விட்டுவிட முடியாது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கதை எங்கள் கண்ணை மறைத்தது.

1965இல் எலியற் ஸ்லேற்றர் என்ற மனநல மருத்துவர், லண்டன் குயின் ஸ்குயார் நரம்பியல் வைத்தியசாலையில் ஹிஸ்டீரியா (உடலில் காரணம் இல்லை, மனதால் வந்தது) என்று பெயர் வைக்கப்பட்ட 85 பேரை வருடங்கள் கழித்துத் தேடிப் பார்த்தார். பலருக்கு உண்மையான நரம்பு நோய் இருந்தது. அந்தப் பெயர் எங்கள் அறியாமையை மூடுகிற போர்வை என்பது அவரது முடிவு. உளப்பகுப்பாய்வு தந்த கெட்ட பழக்கம் இது: விளங்காத நோய்க்கு ஒரு கதையைக் கட்டிவிட்டு, பரிசோதனையை நிறுத்திவிடுவது.

நெத்தலியாறு, உங்கள் அம்மாவுக்குக் கடைசி ஈசிஜி எப்போது எடுத்தது?


குளக்கட்டு – திங்கள், மதியம் 1.05

தம்பி சொன்னதை ஒவ்வொரு மாணவருக்கும் படிப்பிக்க வேண்டும். ஸ்லேற்றரோடு 2005இல் வந்த மீளாய்வையும் சேர்த்துப் படியுங்கள். அப்படிப் பெயர் வைத்ததில் பிழையாகிப்போனது 1950களில் 29 வீதம், 1970களிலிருந்து 4 வீதம் அளவில்தான். பரிசோதனைகள் வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம், படித்தவர்கள் கவனமானதும் காரணமாக இருக்கலாம்.

இன்றைக்கு ஒரு கால் வழங்காமல் வருகிறவருக்கு "மனப்பிரச்சினை" என்று சொல்வதற்கு மனக்கவலை இருந்தால் போதாது. உடலில் காட்ட வேண்டும். ஹூவர் குறி 1908இலேயே எழுதப்பட்டது. ஆளைப் படுக்க வைத்து, வழங்காத காலின் குதிக்குக் கீழே உங்கள் கையை வைத்து, அழுத்தச் சொன்னால் முடியாது. நல்ல காலைத் தடைக்கு எதிராகத் தூக்கச் சொல்லுங்கள், வழங்காத கால் தானாகவே உங்கள் உள்ளங்கையை அழுத்தும். அதை நோயாளிக்கே காட்டலாம்: "பாருங்கோ அம்மா, கால் வழங்குது, மூளை அனுப்புற வழியிலதான் சிக்கல்." அந்த ஒரு வசனத்தில் பாதி வைத்தியம் இருக்கிறது.

ஆனால் தம்பி, உங்கள் கதையையே இன்னொரு முறை பாருங்கள். "கதை எங்கள் கண்ணை மறைத்தது" என்கிறீர்கள். அந்தப் பெண்ணின் துயரம் உங்களுக்குள் எதையோ செய்தது, அதனால் நீங்கள் வழமையாகச் செய்வதைச் செய்யவில்லை. பகுப்பாய்வாளர்கள் கவுண்டர் ட்ரான்ஸ்ஃபரன்ஸ் என்று சொல்வது இதைத்தான். இதை ஒரு குழுவில் இருந்து கதைத்துப் பழகிய வைத்தியர் இரண்டாம் ஈசிஜியை முந்தி எடுப்பார் என்பதே என் நம்பிக்கை.


பாலைப்பழம் – திங்கள், இரவு 8.45

நான் தாதி. 20 வருடத்துக்கு மேல் வார்ட்டில் நிற்கிறேன். பெரிய டொக்டர்மார் கதைக்கிற இடத்தில் கதைக்கலாமோ தெரியாது, என்றாலும் எழுதுகிறேன்.

எங்கள் வார்ட்டில் யாருக்கும் பெயர் இல்லை. "14க்கு சேலைன் முடிஞ்சுது", "9ஐ ஸ்கானுக்கு அனுப்பு". புதிதாக வருகிற பிள்ளைகள் முதல் மாதம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இரண்டாம் மாதம் நம்பருக்கு வந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான். யுத்தகாலத்தில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் வேலை செய்தபோது பெயர் கேட்டால் கை நடுங்கும் என்பதால் கேட்பதை விட்டேன். இப்போது யுத்தம் இல்லை. பெயரும் திரும்பி வரவில்லை.

இதைப் பற்றியும் அந்தப் படிப்பில் ஏதாவது இருக்கிறதா?


குளக்கட்டு – திங்கள், இரவு 9.30

இருக்கிறது அக்கா. இஸபெல் மென்ஸிஸ் என்ற பகுப்பாய்வாளர் லண்டனில் ஒரு போதனா வைத்தியசாலையின் தாதியரைப் பற்றி ஆராய்ந்து 1960இல் எழுதியது, நீங்கள் எழுதிய அதே விசயம்தான். கட்டில் நம்பரால் கூப்பிடுவது, ஒரு தாதியை ஒரு நோயாளியோடு நீண்ட நேரம் விடாமல் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, எதற்கும் இரண்டு பேர் சரிபார்ப்பது. இதெல்லாம் நிர்வாக வசதிபோலத் தெரியும், ஆனால் சாவுக்கும் வலிக்கும் பக்கத்தில் நிற்கிற பயத்திலிருந்து தப்புவதற்கு ஆஸ்பத்திரி தனக்குத்தானே கட்டிய வேலி என்றார். அந்த வேலி பயத்தைக் குறைக்கவில்லை, நல்ல தாதியர்தான் வேலையை விட்டுப் போனார்கள்.

நீங்கள் பெயர் கேட்பதை விட்டதற்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. அந்தக் கட்டடத்தில் அது உங்களைக் காப்பாற்றியது.


வீரைமரம் – செவ்வாய், மாலை 4.15

நான் உளவளத்துணையாளர். வைத்தியர் இல்லை. கிராமங்களுக்குள் போய் வீட்டு முற்றத்தில் இருந்து கதைக்கிற வேலை.

ஒரு எச்சரிக்கை. சுனாமிக்குப் பிறகு வெளியிலிருந்து வந்த சிலர் சனத்தை வட்டமாக இருத்தி, நடந்தது எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லச் சொன்னார்கள். சொன்னவர்கள் இரவில் தனியே கிடந்து நடுங்கினார்கள், கேட்டவர்கள் அடுத்த வாகனத்தில் போய்விட்டார்கள். ஒரே அமர்வில் கொட்ட வைக்கிற அந்த முறையைச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. எனவே நெத்தலியாறு பிள்ளை, "அன்றைக்குக் கேட்காமல் விட்டேன்" என்று உங்களை வருத்த வேண்டாம். ஐந்து நிமிடத்தில் கேட்டுத் திறந்துவிட்டு, அடுத்த நம்பரைக் கூப்பிட்டிருந்தால் அது இன்னும் மோசம். திறக்கிறவர் அடுத்த மாதமும் இருக்க வேண்டும்.

எங்கள் சனம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போய்ப் பாருங்கள். வீட்டில் வாய் திறக்காத பெண்கள் கண்ணகி அம்மன் முன்னால் உரு வந்து, பெயர் சொல்லி அழுவார்கள். மடு மாதா கோவிலிலும் கண்டிருக்கிறேன். மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007இல் எழுதிய ஆய்வில் வடக்கில் தனி ஆளுக்கு மட்டுமன்றி முழுச் சமூகத்துக்கும் காயம் பட்டிருக்கிறது என்று காட்டினார், பாரம்பரிய வழிகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லித்தான் அவர் எப்போதும் எழுதுவார். வடகிழக்கில் 31 பிள்ளைகளோடு செய்த ஓர் ஆய்வு 2009இல் வந்தது. பாதிப் பேருக்குக் கதையாகச் சொல்லவைக்கிற சிகிச்சை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டு பகுதியினரும் நன்றாகத் தேறினார்கள்.

என் கேள்வி வேறு. டொக்டராக இல்லாதவர்களும் இந்தப் படிப்பைப் படிக்கலாமா?


குளக்கட்டு – செவ்வாய், இரவு 10.00

தாராளமாக. தியோடோர் ரைக் டொக்டர் இல்லாமல் பகுப்பாய்வு செய்கிறார் என்று வியன்னாவில் வழக்கு வந்தபோது, ஃபிராய்ட் 1926இல் அவர் பக்கம் நின்று ஒரு நூலே எழுதினார். மருத்துவப் பட்டம் இதற்குக் கட்டாயமில்லை என்பது அவரது வாதம். பகுப்பாய்வாளரான அவரது மகள் அன்னா ஆசிரியை, இன்னொரு பெரிய பகுப்பாய்வாளர் மெலனி கிளைனும் டொக்டர் இல்லை. அமெரிக்க உளப்பகுப்பாய்வுச் சங்கம் மட்டும் பல பத்தாண்டுகளாகக் கதவைப் பூட்டி வைத்து, வழக்குப் போட்ட பிறகு 1980களின் கடைசியில்தான் திறந்தது. வைகாசிப் பொங்கலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. நாங்கள் இங்கே பாலின்ற் செய்ததைப்போல ஒரு குழு தொடங்கினால், அதில் நீங்கள் இல்லாவிட்டால் அரைவாசியைத்தான் படிப்போம்.


மூன்றாம்வருடம் – புதன், இரவு 11.50

அண்ணை அக்காமாருக்கு வணக்கம். நான் இன்னும் மாணவன், சொந்த இடம் மல்லாவி.

சின்னப் பிள்ளைக்குத் தாய்மேல் ஆசையும் தகப்பன்மேல் போட்டியும் வரும் என்கிற ஃபிராய்டின் ஈடிப்பஸ் சிக்கலை லெக்சரில் சொன்னபோது முழு வகுப்பும் சிரித்தது. எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு அம்மம்மா, சித்தி, பெரியம்மா என்று நாலு தாய். அப்பா வெளிநாட்டில் அல்லது இல்லை. இந்தத் தியரி எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?

இன்னொன்று. கனவில் ஒரு பொருளுக்குரிய உணர்வு வேறொன்றுக்கு மாறுவதைப் படித்தபோது, தமிழ்க் குறிப்பில் 'இடப்பெயர்ச்சி' என்று எழுதினேன். எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் 'இடம்பெயர்ந்த நேரம்' என்றால் அது வேறு. அம்மா செட்டிகுளம் முகாமில் என்னை மடியில் வைத்திருந்த காலம். வீட்டில் எல்லாவற்றையும் விட்டு ஒரு தையல் மெசினை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாராம். இன்றைக்கும் அதைத் தொட்டால் கோபப்படுவார். விட்டுவந்த எல்லாம் அந்த மெசினுக்குள் இடம்பெயர்ந்திருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. இது சரியான விளக்கமா தெரியாது.


குளக்கட்டு – வியாழன், காலை 5.40

தம்பி, சரியான விளக்கம். நான் படித்த காலத்தில் எனக்கு ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஈடிப்பஸ் பற்றி: கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற வைத்தியர் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஃபிராய்டோடு பல வருடம் கடிதம் எழுதினார், ஒத்துப்போகவும் இல்லை. தன் இந்திய நோயாளிகளிடம் ஐரோப்பியர்களிடம் காண்பதைப்போல இந்த விசயங்கள் தெரியவில்லை என்று நேராகவே எழுதினார். எனவே சந்தேகப்படுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, மூத்த உதாரணமும் உண்டு. உங்கள் நாலு தாயையும் எழுதி வையுங்கள்.

லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜ் ஹொஸ்பிட்டலில் 1958 முதல் மருத்துவ மாணவர்களே ஒரு நோயாளியைக் கிழமைக்கு ஒருமுறை மேற்பார்வையோடு பார்த்து வந்தார்கள். ஜேர்மனியில் 1970இலிருந்து உளவுடல் மருத்துவம் (நோயில் மனதையும் உடலையும் சேர்த்துப் பார்ப்பது) கட்டாய பாடம். மாணவர்களால் முடியாத காரியம் இல்லை.


காட்டுமுல்லை – வியாழன், இரவு 9.15

நான் வைத்தியத் துறை இல்லை. வங்கியில் வேலை. என் அம்மாவும் உங்கள் கிளினிக் ஒன்றுக்குத்தான் போகிறார், எது என்று சொல்ல மாட்டேன்.

அண்ணா 2009இல் காணாமற்போனவர். அம்மா 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து போய் இருந்தவர். ஒருமுறை ஒரு டொக்டர், "அவர் இல்லை என்று ஏற்றுக்கொண்டு அழுது முடியுங்கோ, அப்பதான் சுகம் வரும்" என்று சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அம்மா அந்த மாதத்திலிருந்து குளிசையை எடுக்கவில்லை. அழுது முடித்தால் அண்ணாவைக் கொன்றது தான்தான் என்று ஆகிவிடும் என்றார். மரணச் சான்றிதழ் எடுக்கவும் இதே காரணத்தால் மறுத்தார். காணப்படவில்லை என்று சொல்கிற சான்றிதழ் ஒன்று 2016இல் சட்டமாக வந்தது, அதையும் எடுக்கவில்லை. கச்சேரிக்குப் போய்க் கையெழுத்து வைத்தால் தேடுவதை நிற்பாட்டிவிடுவார்கள் என்று பயம்.

இந்தப் படிப்பு இதற்கு என்ன சொல்கிறது?


முத்தையன்கட்டு – வெள்ளி, காலை 6.05

இதை மூன்று முறை படித்தேன். அதே வசனத்தை நானும் நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்ல மாட்டேன்.


குளக்கட்டு – வெள்ளி, இரவு 10.20

காட்டுமுல்லை, உங்கள் அம்மா சொன்னது வருத்தத்தின் அறிகுறி இல்லை. அது ஒரு தாயின் நியாயம்.

ஃபிராய்ட் 1917இல் துயரத்தையும் மனச்சோர்வையும் பிரித்து எழுதினார். துயரம் எப்படி முடிகிறது? அன்புக்குரியவர் இல்லை என்று நிஜம் ஒவ்வொரு நினைவிலும் வந்து காட்டுகிறது, மனம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியை விடுகிறது. இந்த விளக்கம் முழுக்க, நிஜம் வந்து சொல்லும் என்ற ஒரு தூணில் நிற்கிறது. வன்னியில் அந்தத் தூண் இல்லை. உடலும் இல்லை, பதிலும் இல்லை, எட்டுச்சிலவும் இல்லை. நிஜம் எதுவும் சொல்லாதபோது தாயிடம் போய் "ஏற்றுக்கொள்ளுங்கோ" என்றால், நிஜம் செய்ய வேண்டிய வேலையைத் தாயின் தலையில் கட்டுகிறோம். அமெரிக்காவில் பொலின் பொஸ் என்பவர் போரில் காணாமற்போன சிப்பாய்களின் குடும்பங்களைப் பார்த்து இதற்கு ஒரு பெயர் வைத்தார். முடிவு தெரியாத இழப்பு. முடித்துவைக்கப் பார்க்காதீர்கள், இருக்கிறான், இல்லை என்ற இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு வாழ உதவுங்கள் என்றார். அவர் உளப்பகுப்பாய்வாளர் இல்லை. எங்களுக்கு அவரும் வேண்டும்.

ஆனால் அதே கட்டுரையில் ஃபிராய்ட் எழுதிய இன்னொன்று எனக்கு இன்றும் கிளினிக்கில் உதவுகிறது. யாரை இழந்தோம் என்று தெரிந்தாலும், அவரில் எதை இழந்தோம் என்பது தெரியாமல் இருக்கலாம். ஒரு தாயிடம் "மகன் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டுப் பாருங்கள். எப்படிப் போனான் என்று ஆணைக்குழுக்களும் அலுவலகங்களும் பத்திரிகைகளும் கேட்டுவிட்டன. எப்படிப்பட்டவன் என்று கேட்டவர்கள் குறைவு.


நெத்தலியாறு – நாலு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8.30

எல்லோருக்கும் பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னிக்கவும். அடுத்த கிளினிக் வரும் வரை காத்திருந்தேன்.

முத்தையன்கட்டு அண்ணை, முதலில் ஈசிஜி இரண்டு முறை எடுத்தேன், சீனியும் பார்த்தேன், மெடிக்கல் டொக்டரோடும் கதைத்தேன். எல்லாம் சரி. குளிசையைத் திரும்ப 20க்குக் குறைத்தேன்.

அந்த அம்மாவைக் கடைசி நம்பராக வரச் சொன்னேன், அவர் ஏறுகிற பஸ் பின்னேரம்தான் என்று தெரிந்தபடியால். "அண்டைக்கு நான் அவசரமா முடிச்சுப்போட்டன் அம்மா. பாலத்தைப் பற்றிச் சொல்ல விருப்பமெண்டாக் கேக்கிறன், விருப்பமில்லாட்டியும் பரவாயில்லை" என்றேன்.

அவர் பாலத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "மகன் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டேன். நிமிர்ந்து இருந்தார். பாலைப்பழ காலத்தில் அவன் காட்டுக்குள் போய்விட்டு, உதடு ஒட்டினபடி பொய் சொல்லுவானாம், தான் போகவில்லை என்று. அதைச் சொல்லும்போது சிரித்தார். 20 நிமிடம் அவனைப் பற்றியே கதைத்தார். எனக்குத் தொண்டை அடைத்தது, ஆனால் அடுத்த நம்பர் இருக்கவில்லை, ஓட இடம் இருக்கவில்லை. இந்த முறை அவரது சொல்லைத் தமிழிலேயே கொப்பியில் எழுதினேன்.

எரிவு போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. "எரிவு கிடக்குத்தான் பிள்ளை" என்றார். திகதியைக் கொடுத்ததும் தானாகவே எழும்பினார். வாசலில் நின்று, "அடுத்த முறையும் நீதானே நிப்பாய்?" என்று கேட்டார். எனக்கு டிசம்பரில் இடமாற்றம். பொய் சொல்லாமல், "மார்கழி வரைக்கும் நான்தான் அம்மா. அதுக்குப் பிறகு வாறவவிடம் நானே கூட்டிக்கொண்டு போய் விடுறன்" என்றேன்.

குளக்கட்டு அண்ணை சொன்ன பாலின்ற் குழுவைத் தொடங்குகிறோம். அவரே முதல் ஆறு மாதத்துக்கு வழிநடத்தச் சம்மதித்திருக்கிறார், தூரம் இருப்பவர்கள் சூமில் வரலாம். வியாழன் மாலை 5 மணி, மாங்குளம் சந்திக்குப் பக்கத்தில் ஒரு வாசிகசாலை அறை கிடைத்திருக்கிறது. வீரைமரம், பாலைப்பழம் அக்கா, இரண்டு பேரும் கட்டாயம் வாருங்கள். முத்தையன்கட்டு அண்ணை முதல் நாள் தன் நோயாளியைப் பற்றிக் கதைப்பதாகச் சொன்னார். நோயாளிகளின் பெயர், ஊர் சொல்லக்கூடாது. பைலும் கொப்பியும் கொண்டுவர வேண்டாம்.